வாசகர் கேள்வி – பதில்: முடிவு தெரிந்த பிறகும் நெஞ்சு படபடப்பது ஏன்?

மர்மப் படங்களையும் அறிவியல் புனைகதைப் படங்களையும் பற்றிய உங்கள் கருத்துகளைச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் இருந்த உற்சாகம் எங்களை நெகிழ வைத்தது. பலர் தமக்குப் பிடித்த படத்தை இரண்டு பக்கம் புகழ்ந்த பிறகே கேள்விக்கு வந்திருந்தார்கள். இடம் கருதிப் புகழுரைகளைச் சுருக்கியிருக்கிறோம். எல்லோரும் அறிந்துவிட்ட ‘தசாவதாரம்’ தவிர, எந்தப் படத்தின் முடிவும் இந்தப் பக்கங்களில் வெளிப்படுத்தப்படவில்லை என்பதால் தயக்கமின்றிப் படிக்கலாம்.

முத்தியால்பேட்டை வாசகி: ‘ராட்சசன்’ படத்தைத் திரையரங்கில் பார்த்தேன். பிறகு தொலைக்காட்சியில் எப்போது போட்டாலும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். கொலையாளி யார், கடைசியில் என்ன ஆகிறான் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் பள்ளிச் சிறுமி ஒருத்தி தனியாக நடந்து வரும் காட்சி வந்தால் கை சில்லிட்டுப் போகிறது. தெரிந்த கதைக்கு இப்படிப் பயப்படுவது இயல்புதானா?

பதில்: முற்றிலும் இயல்பு. நல்ல படத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்பதற்கு அந்தப் பயமே சான்று. என்ன நடக்கப் போகிறது என்று தெரியாததால்தான் படபடப்பு வருகிறது என்று நாம் பொதுவாக நம்புகிறோம். திகில் படங்களுக்குப் பெயர்பெற்ற இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதை மறுத்தார். பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் 1962ஆம் ஆண்டு நடத்திய நீண்ட உரையாடலில் அவர் ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னார். சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டு திடீரென்று வெடிக்கிறது என்றால், பார்ப்பவருக்குக் கிடைப்பது சில விநாடி அதிர்ச்சி மட்டுமே. அதே குண்டை முன்கூட்டியே நமக்குக் காட்டி, அது எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதையும் சொல்லி, சுவரில் ஒரு கடிகாரத்தையும் மாட்டிவிட்டால், அவர்கள் பேசும் சாதாரணப் பேச்சு முழுவதும் நமக்குத் தாங்க முடியாத தவிப்பாக மாறிவிடுகிறது. திரையில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருப்பதுதான் அந்தத் தவிப்புக்குக் காரணம்.

ராம்குமார் இயக்கி 2018ஆம் ஆண்டு வெளிவந்த ‘ராட்சசன்’ இதை நன்றாகப் புரிந்துகொண்ட படம். கொலையாளியின் முகம் நெடுநேரம் மறைக்கப்பட்டிருந்தாலும், அவனுடைய வழக்கத்தைப் படம் தொடக்கத்திலேயே நமக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. பரிசுப் பெட்டிக்குள் சிதைக்கப்பட்ட பொம்மைத் தலை இருந்தால் அதன் பொருள் என்ன என்பது தெரிந்துவிட்ட பிறகு, ஒரு பெட்டி திரையில் தென்பட்டாலே போதும், வேறெதுவும் நடக்க வேண்டியதில்லை. கடலூரில் அந்தப் படத்தைப் பார்த்த மாலைக் காட்சியில், எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு தாய், அப்படியொரு பெட்டி வந்த கணத்தில் பக்கத்தில் இருந்த மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். இடைவேளைக்கு விளக்கு எரியும்வரை விடவே இல்லை. அவர் அதற்கு முன்பே ஒருமுறை அந்தப் படத்தைப் பார்த்தவர் என்பதை இடைவேளையில் மகளிடம் பேசியதிலிருந்து அறிந்தேன். மறுமுறை பார்க்கும்போது நமக்கு இன்னும் அதிகமாகத் தெரிந்திருக்கிறது. எனவே குண்டுகளும் இன்னும் அதிகமாகத் தெரிகின்றன.

ஒரு மர்மப் படத்தை எடைபோட நான் கைக்கொள்ளும் அளவுகோலும் இதுவே. முடிவு தெரிந்தபின் மறுபடி பார்க்க முடிகிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன். கடைசி ஐந்து நிமிடத் திருப்பத்தை மட்டும் நம்பி எடுக்கப்பட்ட படங்கள் மறுமுறை பார்க்கும்போது துவண்டுபோகின்றன. ‘பாபநாசம்’ (2015) போன்ற படத்தில் குற்றம் நடந்ததை நாமே கண்ணால் பார்க்கிறோம்; மறைக்கப்பட்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நம்மை அமர வைப்பது அந்த ஒன்று அல்ல, அந்தக் குடும்பம் பிடிபட்டுவிடுமோ என்ற பதற்றம். அதனால்தான் எத்தனை முறை பார்த்தாலும் அந்த விசாரணைக் காட்சிகளில் நாம் மூச்சை அடக்கிக்கொள்கிறோம்.

மஞ்சக்குப்பம் வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: இன்றைய தலைமுறை எந்தத் திகில் படத்தைக் கொண்டாடினாலும், எங்கள் ‘அந்த நாள்’ படத்துக்கு அது ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

பதில்: ஈடாகாது என்று ஒரே அடியாகச் சொல்ல மாட்டேன், ஐயா. ஆனால் 1954ஆம் ஆண்டு அப்படி ஒரு படத்தை எடுக்கத் துணிந்தவர்களை நினைத்தால் இன்றும் வியப்பு அடங்கவில்லை. வீணைக் கலைஞராகவும் புகழ்பெற்ற எஸ். பாலச்சந்தர் இயக்கினார், ஏ.வி.எம். தயாரித்தது. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம் அது. நடனமும் இல்லை, சண்டையும் இல்லை. இரண்டே ஆண்டுகளுக்கு முன் ‘பராசக்தி’யில் தமிழ்நாட்டையே தன் குரலால் கட்டிப்போட்ட சிவாஜி கணேசனை, படம் தொடங்கியவுடனேயே குண்டடிபட்டு விழ வைத்தார்கள். கதாநாயகனின் சாவில் தொடங்கும் படத்துக்கு அன்றைய ரசிகர் எப்படித் தயாராக இருந்திருப்பார்? முதல் வெளியீட்டில் அது வணிக வெற்றி பெறவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. தேசிய விருதுகளில் அதற்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. மக்களின் மதிப்பு பிறகு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது.

1943ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னைமீது குண்டு வீசிய நிகழ்ச்சியைப் பின்புலமாக வைத்து, வானொலிப் பொறியாளர் ராஜனைக் கொன்றது யார் என்று விசாரிக்கிறது கதை. திரைக்கதை அமைத்த ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். அண்டை வீட்டார், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என்று ஒவ்வொருவரும் தாம் அறிந்த ராஜனைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். ஒரே குற்றத்தைப் பலர் பலவிதமாகச் சொல்லும், ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமான்’ (1950) படத்தோடு இதை ஒப்பிடுவது வழக்கம். ஆனால் நம் படத்தின் தனிச்சிறப்பு சிவாஜியின் நடிப்பில் இருக்கிறது. சொல்பவர் மாற மாற அவருடைய தோள் நிமிர்வு, பார்வையின் குளிர்ச்சி, பேச்சின் வேகம் எல்லாம் சற்றே மாறிக்கொண்டு வருகின்றன. தம்பி சொல்லும் ராஜனும் மனைவி சொல்லும் ராஜனும் ஒரே சட்டையை அணிந்த இரண்டு மனிதர்கள் என்று தோன்றும். இதை முதல்முறை பார்க்கும்போது கவனிக்க முடியாது. யார் சுட்டது என்ற கேள்வி நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். விடை தெரிந்த பிறகு, அந்தப் பதற்றம் இல்லாமல் சிவாஜியை மட்டும் பாருங்கள்.

பண்ருட்டி வாசகர்: பாடல்கள் சஸ்பென்ஸ் படங்களைக் கெடுக்கின்றன என்று என் நண்பர்கள் வாதிடுகிறார்கள். ‘குருதிப்புனல்’ போல எல்லாப் படங்களும் பாட்டில்லாமல் வரவேண்டும் என்கிறார்கள்.

பதில்: கதைக்கு வெளியே நிற்கும் பாட்டு கெடுக்கும், கதைக்குள் இருக்கும் பாட்டு பயத்தையே கூட்டும். ‘புதிய பறவை’ (1964) படத்தில் ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ பாட்டு முதலில் மயக்கமாகவும் பின்னால் வேதனையாகவும் திரும்ப வருகிறது. அந்த மெட்டு ஒரு சாட்சியைப் போல அந்த மனிதனைத் துரத்துகிறது. விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் இசையை எடுத்துவிட்டால் கதையில் பாதி போய்விடும். ‘குருதிப்புனல்’ (1995) வேறு வகை. அங்கே இடைவிடாத அழுத்தம் தேவைப்பட்டது, பாட்டு அதை உடைத்திருக்கும். உங்கள் நண்பர்கள் எதிர்க்க வேண்டியது, காவல்துறை துரத்திக்கொண்டிருக்கும்போது வெளிநாட்டு மலைச்சரிவுக்குப் போய்விடும் காதல் பாட்டைத்தான். அந்த எதிர்ப்பில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

காலாப்பட்டு வாசகர், இயற்பியல் மாணவர்: ‘இன்டர்ஸ்டெல்லார்’ படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இயற்பியல் படிக்க வந்தேன். அதன்பிறகு தமிழில் வரும் அறிவியல் படங்களைப் பார்த்தால் பிழைகள் மட்டுமே கண்ணில் படுகின்றன. ரசிக்க முடியவில்லை. அறிவியல் சரியாக இல்லாத படத்தை அறிவியல் படம் என்று ஏற்கலாமா?

பதில்: ஒரு படம் உங்களை ஒரு துறைக்கே அழைத்து வந்திருக்கிறது என்பதைக் கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். பிரம்மாண்டமான கருந்துளைக்கு அருகே உள்ள ஒரு கோளில் ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் ஏழு ஆண்டுகள் கழிந்துவிடும் என்பது அதன் மையக் கற்பனை. படத்தின் அறிவியல் ஆலோசகராக இருந்த கிப் தோர்ன், பின்னர் 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். அவ்வளவு பெரிய கால வேறுபாடு இயலாது என்றே அவரும் முதலில் எண்ணினார். இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் விடாப்பிடியாக நின்றதால் மறுபடி கணக்குப் போட்டு, கருந்துளை ஏறக்குறைய உச்ச வேகத்தில் சுழன்றால் அது இயலும் என்று கண்டார். இயற்கையில் அப்படி ஒரு கருந்துளை அமைவது மிக அரிது; ஆனால் விதிகள் தடுக்கவில்லை. அந்தச் சிறு இடைவெளியில்தான் கதை நுழைந்தது. அந்தக் கோளிலிருந்து திரும்பிய தந்தை, பிள்ளைகள் இத்தனை ஆண்டுகளாக அனுப்பிய காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும் காட்சியில் சமன்பாடு முழுவதும் கண்ணீராக மாறிவிடுகிறது.

ஆனால் இந்த அளவு கணக்கை எல்லாப் படங்களிடமும் எதிர்பார்த்தால் நாம் பல நல்ல படங்களை இழப்போம். ‘தி மார்ஷியன்’ (2015) படத்தைத் தொடங்கி வைப்பதே செவ்வாயில் வீசும் பெரும் புயல்தான். செவ்வாயின் வளிமண்டல அழுத்தம் பூமியின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே எவ்வளவு வேகமாகக் காற்று வீசினாலும் ஒரு விண்கலத்தைச் சாய்க்கும் வலிமை அதற்கு இருக்காது. கதையை எழுதியவரே இதை அறிந்துதான் எழுதினார். அந்த ஒரு பொய்யை ஏற்றுக்கொண்டால், அதற்குப் பிறகு தண்ணீர் தயாரிப்பதும் உருளைக்கிழங்கு பயிரிடுவதுமாக எல்லாம் மிகுந்த கவனத்தோடு செய்யப்பட்டிருக்கின்றன.

படத்திடம் நான் கேட்பதும் அதுதான். ஒரு பொய்யைத் தொடக்கத்திலேயே துணிந்து சொல்லட்டும். அதற்கு ஒரு விதியை வகுக்கட்டும். பிறகு தான் வகுத்த விதியைத் தானே மீறாமல் இருக்கட்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் தமிழிலும் பெருமைப்படத் தக்க படங்கள் உள்ளன. ரவிக்குமார் இயக்கிய ‘இன்று நேற்று நாளை’ (2015) படத்தில் எதிர்காலத்திலிருந்து வந்து சேரும் கால இயந்திரம் இரண்டு சாதாரண இளைஞர்களின் கையில் கிடைக்கிறது. அவர்கள் உலகைக் காப்பாற்றப் புறப்படுவதில்லை. அவர்களில் ஒருவர் சோதிடர். காணாமற்போன பொருள்களை நேற்றைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எங்கே இருக்கிறது என்று குறி சொல்லிப் பணம் சம்பாதிக்கிறார்கள். நம் ஊரில் கால இயந்திரம் கிடைத்தால் முதலில் இதைத்தான் செய்வோம் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. கடந்த காலத்தில் செய்த சிறிய குறுக்கீடு நிகழ்காலத்தில் பெரிய ஆபத்தாக முளைக்கும்போது, அந்த ஆபத்து முன்பு வகுத்த விதியிலிருந்தே வருகிறது, வானத்திலிருந்து குதிப்பதில்லை. ‘மாநாடு’ (2021) படமும் ஒரே நாள் திரும்பத் திரும்ப நடப்பதற்கு ஒரு விதியை வைத்துக்கொண்டு, அதை இறுதிவரை கைவிடாமல் விளையாடுகிறது.

பிழைகளைக் குறித்து வையுங்கள். அது உங்கள் படிப்புக்கு நல்லது. விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசையே இல்லை என்று ஒரு படம் சொன்னால், சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இருக்கிறது என்பதையும், நிலையமும் அதில் உள்ளவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் எடையின்மை தோன்றுகிறது என்பதையும் உங்கள் தம்பி தங்கையருக்கு விளக்குங்கள். ஆனால் படத்தைத் தள்ளி வைக்க அது காரணமாக வேண்டாம்.

நெய்வேலி வாசகர்: ‘டிக் டிக் டிக்’ படத்தை என் பேரனோடு பார்த்து மிகவும் ரசித்தேன். பூமியை நோக்கி வரும் விண்கல்லை உண்மையிலேயே தடுக்க முடியுமா?

பதில்: சிறிய அளவில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டார்கள். நாசா அனுப்பிய ‘டார்ட்’ விண்கலம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று, பூமிக்கு ஆபத்து இல்லாத டைமார்ஃபஸ் என்ற சிறு விண்பாறைமீது வேண்டுமென்றே மோதியது. அந்தப் பாறை, டிடிமோஸ் என்ற பெரிய பாறையைச் சுற்றிவர 11 மணி 55 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. மோதலுக்குப் பிறகு அது சுமார் 32 நிமிடம் குறைந்தது. அணுகுண்டு வைத்து உடைப்பதைவிட, பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்து இலேசாகத் தள்ளிவிடுவதே நம்பிக்கைக்குரிய வழியாகக் கருதப்படுகிறது. முன்கூட்டியே காண்பதுதான் கடினம். 2013ஆம் ஆண்டு ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்த கல்லின் குறுக்களவு சுமார் 20 மீட்டர்தான்; அதை யாரும் முன்னதாகப் பார்க்கவில்லை. காயமடைந்தவர்களில் பெரும்பாலோர் வெளிச்சத்தைக் கண்டு சன்னலருகே வந்து, பிறகு வந்த அதிர்வலையில் உடைந்த கண்ணாடியால் வெட்டுப்பட்டவர்கள். வானில் பெரிய ஒளியைக் கண்டால் சன்னலை விட்டு விலகச் சொல்லி உங்கள் பேரனுக்குச் சொல்லி வையுங்கள்.

தேவனாம்பட்டினம் வாசகி: பேரழிவுப் படங்கள் என்றால் எனக்கு உயிர். ஆனால் எந்தப் படத்தில் பேரலை வந்தாலும் என் அம்மா எழுந்து வெளியே போய்விடுகிறார். ‘தசாவதாரம்’ படத்தை அவர் இன்றுவரை முழுமையாகப் பார்த்ததில்லை. அது வெறும் கிராஃபிக்ஸ்தானே அம்மா என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பதில்: அடுத்த முறை அப்படிச் சொல்லாதீர்கள், அம்மா. உங்கள் ஊர்க் கரையில் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 காலையில் நின்றவர்களுக்கு அது ஒருபோதும் வெறும் படமாக இருக்க முடியாது. திகில் படத்தின் சுகமே, நாம் பாதுகாப்பான இருக்கையில் இருக்கிறோம் என்ற உறுதியில் பிறப்பது. அந்த உறுதி உங்கள் அம்மாவிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. அவர் எழுந்து போவதைப் பலவீனம் என்று எண்ண வேண்டாம்.

‘தசாவதாரம்’ (2008) நம் மாவட்டத்துச் சிதம்பரத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கி, அந்த 2004 பேரலையில் முடிகிறது என்பது பார்க்காதவர்களுக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டதால் இங்கே குறிப்பிடுகிறேன். உயிர்க்கொல்லிக் கிருமி ஒன்றைத் துரத்தும் கதையாகவும், சிறு நிகழ்ச்சி ஒன்று எங்கோ பெருவிளைவை உண்டாக்கும் என்ற அறிவியல் கருத்தைச் சொல்லும் கதையாகவும் அதன் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் நம் கரையைச் சிதைத்த அலைக்குக் கதையில் ஒரு பயன் கற்பிக்கப்படும் இடத்தில், கடலூரில் உட்கார்ந்து பார்க்கும் என் மனம் அதை ஏற்க மறுக்கிறது. நாட்டின் வேறு பகுதியில் இருப்பவர் அதே காட்சியை வியந்து பார்க்கலாம். அவர்மீதும் குறை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரைப்படங்கள் ஆழிப்பேரலையைப் பத்து மாடி உயரத்தில் வளைந்து நிற்கும் நீர்ச்சுவராகவே காட்டிப் பழக்கிவிட்டன. ஆழ்கடலில் அதன் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. மணிக்கு எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் கப்பல்களுக்கு அடியில் யாரும் அறியாமல் கடந்துபோகும். கரையை நெருங்கும்போது வேகம் குறைந்து உயரம் கூடுகிறது. சில கரைகளில் கடல் முதலில் உள்வாங்கும். சில கரைகளில் எந்த அறிகுறியும் இல்லாமல் நீர்மட்டம் ஏறிக்கொண்டே வந்து, நிற்காமல் ஊருக்குள் நுழையும். அலை ஒன்றோடு முடிவதும் இல்லை. சுமத்ராவில் நிலம் நடுங்கியதற்கும் நம் கரையை நீர் தொட்டதற்கும் இடையே சுமார் இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தைப் பயன்படுத்தும் எச்சரிக்கை அமைப்பு அன்று இந்தியாவில் இல்லை, 2007ஆம் ஆண்டு முதல் ஐதராபாத்தில் இயங்குகிறது. நீர்ச்சுவர் வரும்வரை காத்திருப்பவர் தப்ப முடியாது என்பதை ஒரு படமாவது சரியாகக் காட்டினால் அது பெரிய தொண்டு. உங்கள் அம்மா பேச விரும்பினால், அன்று அவர் கண்டதை அவரிடமே கேளுங்கள். விரும்பாவிட்டால் அவரோடு எழுந்து வெளியே போய்ச் சற்று உட்கார்ந்திருங்கள்.

சிதம்பரம் வாசகர்: தமிழின் முதல் அறிவியல் புனைகதைப் படம் எது?

பதில்: சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஹாலிவுட்டுடன் சேர்ந்து எடுத்த ‘காடு’ (1952) படத்தைச் சிலர் சொல்வார்கள், அழிந்துபோன மாமத யானைகள் அதில் வருகின்றன. வேற்றுக்கிரகத்தார் வரும் கதை என்றால் ‘கலைஅரசி’ (1963). எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. வேற்றுக்கிரகத்தார் நம்மிடம் வருவது பொன்னுக்கோ நிலத்துக்கோ அன்று. அறிவியலில் முன்னேறிய அவர்களிடம் கலை இல்லை. ஆகவே பாடத் தெரிந்த ஒரு பெண்ணைத் தூக்கிச் செல்கிறார்கள். இதைவிடத் தமிழான ஒரு வேற்றுக்கிரகக் கதையை நான் கண்டதில்லை.

பிறகு எழுத்தாளர் சுஜாதாவின் கதையில் வந்த ‘விக்ரம்’ (1986) கணினியையும் ஏவுகணையையும் கதையின் நடுவில் வைத்தது. அவர் பங்களித்த ‘எந்திரன்’, 2008இல் அவர் மறைந்த பிறகு, 2010இல் வெளிவந்தது. அதில் தீப்பற்றிய கட்டடத்திலிருந்து ஒரு பெண்ணை இயந்திர மனிதன் காப்பாற்றித் தூக்கி வரும் காட்சியைப் பலரும் மறந்துவிட்டார்கள். குளித்துக்கொண்டிருந்தவளை அப்படியே கூட்டத்துக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறது அந்த இயந்திரம். உயிரைக் காப்பது எப்படி என்று அதற்குத் தெரியும். மானம் என்றால் என்ன என்று தெரியாது. கூட்டத்தின் கண்களும் கேமராக்களும் அவளை மொய்க்கின்றன. இறுதிக் காட்சியில் நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் சேர்ந்து செய்யும் சாகசங்களைவிட, இந்தச் சில நிமிடங்களே அதை அறிவியல் புனைகதை ஆக்குகின்றன என்பது என் கருத்து.

லாஸ்பேட்டை வாசகர்: ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ இயக்குநர் புதுச்சேரிக்காரர் என்கிறார்களே, உண்மையா?

பதில்: எம். நைட் ஷியாமளன் 1970ஆம் ஆண்டு மாஹேயில் பிறந்தார். மாஹே புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஓர் அங்கம் என்பதால் நீங்கள் தாராளமாக உரிமை கொண்டாடலாம். வளர்ந்தது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில். 1999ஆம் ஆண்டு வெளிவந்த அந்தப் படம் ஆறு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. அதன் முடிவு உங்களுக்குத் தெரிந்திருந்தால் மறுபடி பாருங்கள். சிவப்பு நிறம் எந்தெந்த இடங்களில் வருகிறது, யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். இயக்குநர் நம்மிடம் எதையும் மறைக்கவில்லை என்பதைக் கண்டு திகைப்பீர்கள்.

ரெயின்போ நகர் வாசகி: அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு படிக்கிறேன். மர்மப் படங்கள் மிகவும் பிடிக்கும். பிரெஞ்சில் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: ஆன்ரி-ஜார்ஜ் குளூசோவிலிருந்து தொடங்குங்கள். அவருடைய 1953ஆம் ஆண்டுப் படத்தில், தென் அமெரிக்க எண்ணெய்க் கிணறு ஒன்றில் பற்றிய தீயை அணைக்க, நைட்ரோகிளிசரின் என்ற வெடிமருந்தை நான்கு பேர் இரண்டு லாரிகளில் மலைப்பாதை வழியாகக் கொண்டுபோக வேண்டும். சற்றே குலுங்கினாலும் வெடித்துவிடும். இதற்கு மேல் கதைக்கு எதுவும் தேவைப்படவில்லை. சாலையில் ஒரு பள்ளம், ஒரு வளைவு, ஓர் அழுகிய மரப்பலகை என்று ஒவ்வொன்றும் பகைவனாகிறது. பிரெஞ்சு அதிகம் தெரியாவிட்டாலும் பார்க்கலாம். பேச்சைவிடச் சக்கரங்களே அதிகம் சொல்கின்றன. தமிழில் ‘பயத்தின் கூலி’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. பிறகு அவருடைய ‘லே தியாபோலிக்’ (1955).

அறிவியல் புனைகதைக்குக் கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’ (1962) போதும். 28 நிமிடம்தான். காலப் பயணத்தைப் பற்றிய அந்தப் படம் ஏறக்குறைய முழுவதும் அசையாத புகைப்படங்களாலேயே ஆனது. ஒரு குரல் கதையைச் சொல்லிக்கொண்டு வரும். ஒரே ஓர் இடத்தில், சில விநாடிகளுக்கு மட்டும், படம் அசைகிறது. அது எந்த இடம் என்று நான் சொல்ல மாட்டேன். பணமோ கணினியோ இல்லாமல் எதிர்காலத்தைக் காட்ட முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

வில்லியனூர் வாசகர்: புதுப் படம் வந்த அன்றே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முடிவைப் போட்டுவிடுகிறார்கள். கேட்டால், ‘முடிவு தெரிந்தாலும் நல்ல படத்தை ரசிக்கலாம் என்று நீங்களே சொல்வீர்களே’ என்கிறார்கள். எப்படிப் பதில் சொல்வது?

பதில்: இரண்டாம் முறை ரசிக்கலாம் என்பதற்காக முதல் முறையைப் பறிக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்று சொல்லுங்கள். முன்பு நான் சொன்ன தவிப்பு, இயக்குநர் எதை எப்போது நமக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அளந்து கொடுப்பதால் வருவது. அந்த வரிசையைக் குலைப்பவர் படத்தையே வெட்டித் தொகுத்தவர் ஆகிறார். மேலே சொன்ன ‘லே தியாபோலிக்’ படத்தின் முடிவில், பார்த்ததை நண்பர்களிடம் சொல்லிவிடாதீர்கள் என்ற வேண்டுகோள் திரையிலேயே வரும். ஹிட்ச்காக் தம்முடைய ‘சைக்கோ’ (1960) படம் தொடங்கிய பிறகு எவரையும் அரங்குக்குள் விடக்கூடாது என்று திரையரங்குகளிடம் வலியுறுத்தினார்.

ஒரு வேண்டுகோள் உங்களுக்கும் உண்டு. வீட்டில் மர்மப் படம் பார்க்கும்போது நடுவில் நிறுத்திவிட்டுத் தேநீர் போடப் போகாதீர்கள். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். இடைவேளை எங்கே வரவேண்டும் என்பதை நம் இயக்குநர்கள் நிரம்ப யோசித்து வைக்கிறார்கள். அங்கே மட்டும் எழுந்திருங்கள்.

அரியாங்குப்பம் வாசகி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பயமுறுத்தாத அறிவியல் படம் ஏதாவது?

பதில்: ‘அயலான்’ (2024), ‘ஈ.டி.’ (1982), ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ (1985). முன்னோட்டமாக ஜார்ஜ் மெலியேஸ் 1902ஆம் ஆண்டு எடுத்த நிலாப் பயணப் படத்தைக் காட்டுங்கள்; கால் மணி நேரம்கூட ஆகாது. நிலாவின் கண்ணில் ராக்கெட் குத்தி நிற்கும் காட்சியைக் கண்டு அவள் சிரிப்பாள்.

நெல்லிக்குப்பம் வாசகர், கல்லூரி மாணவர்: நான் பார்க்கும் மர்மப் படங்களைப் பற்றி எழுத ஆசை. ஆனால் முடிவைச் சொல்லாமல் எழுத உட்கார்ந்தால், ‘திருப்பம் அருமை, கட்டாயம் பாருங்கள்’ என்பதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை.

பதில்: யாருக்கு, எப்போது, எது தெரிகிறது என்பதை எழுதுங்கள். கார்த்திக் நரேன் தம் இருபதுகளின் தொடக்கத்திலேயே இயக்கிய ‘துருவங்கள் பதினாறு’ (2016) படத்தை எடுத்துக்கொள்வோம். ரகுமான் நடித்த முன்னாள் காவல் அதிகாரி, ஐந்து ஆண்டுகளுக்கு முன் நடந்த வழக்கை, காவல்துறையில் சேர விரும்பும் ஓர் இளைஞனிடம் சொல்கிறார். இவ்வளவையும் நீங்கள் வெளிப்படையாக எழுதலாம். அடுத்து, சொல்பவருக்குத் தெரிந்த எல்லாம் கேட்பவருக்கும் தெரியுமா, கேட்பவரைவிட நமக்கு அதிகம் தெரியுமா, மழையும் இருட்டும் நம் கண்ணிலிருந்து எதை மறைக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போங்கள். பக்கங்கள் நிறையும், முடிவு வெளியே வராது.

காட்சி ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதில் கேமரா எங்கே நிற்கிறது, ஒலி எப்போது அடங்குகிறது, உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் என்ன செய்தார் என்பதையும் எழுதுங்கள். படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு எழுத முடிந்தால் இன்னும் நல்லது. முதல் முறை குறிப்பு எடுக்க வேண்டாம். எழுதி முடித்ததும் எங்களுக்கு அனுப்புங்கள். இரண்டு பக்கத்துக்குள் இருந்தால் அடுத்த இதழிலேயே வெளியிடுகிறோம்.